கொட்டாவி சோம்பலின் அடையாளமா?



ஆராதனை வேளையில் பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டால், "இவருக்குப் பக்தி குறைவு" என்று எண்ணிவிடுகிறோம். பாடம் படிக்கும் பிள்ளை கொட்டாவி விட்டால், "சோம்பேறி" என்கிறோம். இது சரிதானா? மருத்துவம் சொல்வதை இம்மாதம் கற்றுக்கொள்வோம்.

இரத்தத்தில் பிராணவாயு குறைவதால் கொட்டாவி வருகிறது என்று நம்மில் பலர் பள்ளியில் படித்தோம். 1987-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் புரோவைன் என்பவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களுக்குச் சுத்தமான பிராணவாயுவைக் கொடுத்தபோது கொட்டாவி குறையவில்லை. கரியமில வாயு கூடுதலாகக் கலந்த காற்றைக் கொடுத்தபோது மூச்சு வேகமாயிற்று; கொட்டாவியோ கூடவில்லை.

தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே உடல் மாறுகிற வேளைகளில்தான் கொட்டாவி மிகுதியாக வருகிறது. அது சூடேறிய மூளையைச் சற்றுக் குளிரச் செய்கிறது என்பது ஒரு கருத்து. 2007-இல் நடந்த ஆய்வில், நெற்றியில் குளிர்ந்த ஒத்தடம் வைத்தவர்கள், பிறர் கொட்டாவி விடுவதைப் பார்த்தும் குறைவாகவே கொட்டாவி விட்டார்கள். இதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. ஆனால் தாயின் கருவிலுள்ள சிசுவும் கொட்டாவி விடுவது ஸ்கேனில் தெரிகிறது. கருவில் சோம்பல் ஏது?

பக்கவாத நோயாளிகள் சிலரிடம் ஓர் அதிசயத்தைக் காணலாம். அசையாத கை, கொட்டாவி விடும்போது தானாக மேலே எழும்பும். கொட்டாவி முடிந்ததும் விழுந்துவிடும். குடும்பத்தார், "இப்போது தூக்கினாயே, நாங்கள் சொன்னால் ஏன் தூக்கவில்லை?" என்று கோபித்துக்கொள்வதுண்டு. அது நோயாளியின் பிடிவாதமல்ல. நாம் நினைத்துக் கையை அசைப்பதற்கு மூளையில் ஒரு பாதை. தானாக எழும் அசைவுகளுக்கு வேறு பாதை. முதல் பாதையே நோயால் கெட்டிருக்கிறது. அவரைக் கடிந்துகொள்ளாமல், பொறுமையோடு பயிற்சி கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. இரவில் பலத்த குறட்டை, பகலில் ஓயாத கொட்டாவி என்றால், தூக்கத்தில் மூச்சுத் தடைபடலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் கொட்டாவி அதிகரிக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

3. வாகனம் ஓட்டும்போது அடிக்கடி கொட்டாவி வந்தால், ஓரமாக நிறுத்தி இளைப்பாறுங்கள்.

4. வாய் கோணுதல், கைகால் பலவீனம், பேச்சுக் குளறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

சூரைச்செடியின் கீழ் களைத்துப் படுத்த எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் தந்தார், மறுபடியும் தூங்கவிட்டார். களைத்தவர்களை நாமும் அப்படியே நடத்துவோமாக.

ஜெபக்குறிப்பு: இரவுப் பணி செய்யும் நம் செவிலியருக்காகவும், பக்கவாத நோயாளிகளுக்காகவும், அவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்களுக்காகவும் ஜெபியுங்கள். உங்கள் காணிக்கைகள் இவ்வூழியத்தைத் தாங்குகின்றன.