கே.பி.எஸ். படித்த பள்ளிக்கூடம்

திருவண்ணாமலை

அன்பு மருமகளுக்கு,

நடிக்கப் போகிறேன் என்று நீ வீட்டில் சொன்ன நாளிலிருந்து உன் அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன்னைக் கெடுத்ததே நான்தானாம். செய்யாறு பக்கம் பாரதக் கூத்துக்கு உன்னை அழைத்துப்போய் விடிய விடிய உட்கார வைத்தது நான்தானே! போகட்டும், அண்ணன் கோபம் ஆறிவிடும்.

சென்னையில் மூன்று மாதத்தில் நடிப்பு சொல்லித் தருகிறார்களாம், சேரலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சேர். அதற்குமுன் ஒரு நடிகையின் வாழ்க்கையைத் தெரிந்துகொள். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைச் சொல்கிறேன். கிருத்திகை தவறாமல் நம்மூர் ஒலிபெருக்கிகளில் கேட்கிறதே, அந்தக் குரல்தான். பாட்டுக்காரி என்று மட்டும்தான் உன் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அவர் முதலில் நாடக நடிகை.

1908-ல் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், வீட்டில் வறுமை. ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலை, ரயில்வே அதிகாரியாகவும் நாடகக்காரராகவும் இருந்த எப்.ஜி. நடேச ஐயர் கேட்டு நாடகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். வேலு நாயர் கம்பெனியில் சிறுவன் வேடம் கட்டித்தான் தொடங்கினார். சினிமா அவரைத் தேடி வருவதற்குள் பதினைந்து வருஷத்துக்கு மேல் மேடையில் கழிந்திருந்தது.

அந்தக் காலத்து மேடை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும். 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு முறை இருந்தது, மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் இன்றும் இருக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகையே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'பவளக்கொடி' எல்லாம் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம் என்பதால் திரை தூக்கியதும் நாடகம் ஓடத் தொடங்கிவிடும். வேலனாக வருகிறவர் தர்க்கத்தில் எந்தப் பக்கம் திரும்புவார் என்று வள்ளிக்குத் தெரியாது. அவர் புராணத்திலிருந்து ஒரு கேள்வியைப் போட்டால் இவள் பாட்டிலேயே பதில் சொல்லியாக வேண்டும். தடுமாறினால் முன்வரிசை சும்மா விடாது. நன்றாகப் பாடினாலும் விடாது, 'ஒன்ஸ்மோர்' கேட்டுத் தொண்டையை வாங்கிவிடும். மைக் இல்லாத காலம் வேறு. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதில் சொல் தெளிவாக விழவில்லை என்றால் அடுத்த ஊருக்குத் தாம்பூலம் வராது.

சுந்தராம்பாள் படித்த பள்ளிக்கூடம் இதுதான். ஆண்களே எட்டத் தயங்கும் சுருதியில் நின்று, ஒவ்வொரு எழுத்தும் உடையாமல் பாடினாரே, அது பிறவி வரம் மட்டும் என்று நான் நம்பவில்லை. இரவு இரவாக அடிவாங்கிப் பழுத்த குரல் அது.

இலங்கையில் நாடகம் ஆடப் போன இடத்தில்தான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்தார். கன்னையா கம்பெனியில் பேரெடுத்த பாடகர் கிட்டப்பா. அவரோடு மேடையில் நிற்கவே பலர் பயந்தார்கள். இவர் ஈடுகொடுத்துப் பாடினார். 1927-ல் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். வாழ்க்கை சுகமாக இருக்கவில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்று முதல் வெள்ளைப் புடவை, நகை கிடையாது, எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

இந்த வைராக்கியத்தைச் சொல்லிப் பலர் உருகுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருபத்தைந்து வயதுப் பெண் அப்படி ஒடுங்க வேண்டியிருந்ததைக் கொண்டாட என்ன இருக்கிறது? நான் கவனிப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததை. ஜோடி சேர மாட்டேன் என்றால் கதாநாயகி வேடம் போயிற்று. அவர் கதாநாயகனாகவே வந்தார். 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாரே அவர்தான். வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்த நாளில் நாடே வாய்பிளந்த தொகை.

லட்சம் வாங்கிய படம் என்ன ஆயிற்று தெரியுமா?  ஆனந்த விகடனில் கல்கி, இந்தப் படத்தில் நன்றாக நடித்திருப்பவை பனைமரமும் எருமையும் ஆடும்தான் என்ற பொருளில் கிண்டல் செய்துவிட்டார். குரூரமான விமர்சனம்தான். ஆனாலும் அதற்குள் நடிகைக்கு ஒரு பாடம் இருக்கிறது. கடைசி வரிசைக்கு எட்ட வேண்டிய முகமும் கையும் வேறு, இரண்டடி தூரத்தில் நிற்கும் கேமராவுக்கு வேண்டியவை வேறு. அடுத்து 1940-ல் 'மணிமேகலை'. பிறகு பல வருஷம் திரையில் அவர் இல்லை.

1953-ல் ஜெமினி வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்' வந்தபோது அவருக்கு நாற்பத்தைந்தை நெருங்கும் வயது. அதில் அவர் நடக்கிற நடையைப் பார். கோலை ஊன்றி, அவசரமே இல்லாமல். குரல் மட்டும் பழைய மேடைக் குரல்; உடம்பு அடங்கிவிட்டது. கதாநாயகிகளை வீட்டுக்கு அனுப்புகிற வயதில் ஒரு பெரிய படத்தை முழுக்கத் தாங்கினார். அப்புறம் 'பூம்புகார்' கவுந்தியடிகள், 'திருவிளையாடல்' ஔவை, 'காரைக்கால் அம்மையார்'. இதில் 'பூம்புகார்' தி.மு.க.வின் கலைஞர் கருணாநிதி வசனம் எழுதிய படம். சுந்தராம்பாளோ காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி காலத்திலிருந்து மேடை மேடையாகப் பாடிய கட்சிக்காரர், 1950-களில் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். 'துணைவன்' படப் பாடலுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது கிடைத்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மறு வருஷம் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானார்.

நம் பக்கத்துக் கூத்தில் திரௌபதியாகப் புடவை கட்டி வருபவர் ஆண்தான் என்று தெரிந்தபோது நீ நம்ப மறுத்தது நினைவிருக்கிறதா? புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற பெரிய வாத்தியார்கள் வாழ்ந்த மாவட்டம் இது. இங்கே நெடுங்காலம் பெண்ணுக்குக் கூத்து மேடையில் இடம் இருந்ததில்லை. அதே தமிழ்நாட்டில்தான் ஒரு பெண் நந்தனாராக நின்று லட்சம் வாங்கினார். அண்மைக்காலத்தில் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் நடந்த கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடப் பயின்றார்கள். ஆகவே நம்ம ஊரில் வழியில்லை என்று இனி உன் அப்பா சொன்னால் இதைச் சொல்.

அந்த மூன்று மாத வகுப்பில் கண்ணாடி முன் அழவும் சிரிக்கவும் பழக்குவார்கள். கற்றுக்கொள், தவறில்லை. குரலை யார் பழக்குவார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டு. பதில் இல்லையென்றால் பாட்டு வாத்தியார் ஒருவரைத் தனியாகப் பிடி. தினமும் காலையில் ஒரு பக்கம் தமிழை உரக்க, ல-ள-ழ பிசகாமல் படி. 'ஔவையார்' படத்தை இரண்டு தடவை பார். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்.

பங்குனி பிறந்ததும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். லீவு போட்டுவிட்டு வா. கூத்து முடிந்ததும் பெண் வேடக்காரரிடம் உன்னை அழைத்துப் போகிறேன்; என்ன கேட்க வேண்டும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள். அப்பாவையும் கூட்டி வர நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அத்தை