பனிச் சாலைக்குத் தனி டயர் வந்த கதை

கேள்வி: பனிக்காலத்துக்கென்று தனியாக டயர் செய்யும் வழக்கம் எங்கே தொடங்கியது?

பதில்: பின்லாந்தில். அந்நாட்டின் ரப்பர் தொழிற்சாலையான சுவோமென் கும்மிதெஹ்தாஸ், 1934இல் 'கெலிரெங்காஸ்' என்ற டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது லாரிகளுக்கானது. அதுவரை பனி மூடிய சாலையில் போக வேண்டுமானால் சக்கரத்தில் இரும்புச் சங்கிலி சுற்றுவதுதான் வழி. சங்கிலி பனியை நன்றாகக் கவ்வும். பனி இல்லாத இடத்திலோ சாலையையும் டயரையும் சேர்த்தே கெடுக்கும். வேகமாகவும் போக முடியாது. கெலிரெங்காஸின் குறுக்கே ஆழமான ரப்பர் பட்டைகள் இருந்தன. அவை தளர்ந்த பனியைப் பற்றிப் பின்னால் தள்ளின. கார்களுக்கான டயர் 1936இல் 'ஹக்கப்பெலிட்டா' என்ற பெயரில் வந்தது. ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரில் சுவீடன் மன்னருக்காகச் சண்டையிட்ட பின்லாந்துக் குதிரைப்படையினரின் பெயர் அது. அதே பெயரில் இன்றும் டயர் விற்கிறது.

அந்தத் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர் நோக்கியா. பிற்காலத்தில் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி செய்த நோக்கியா நிறுவனமும் இதே குடும்பம்தான். 1967இல் இந்த ரப்பர் தொழிற்சாலையும் ஒரு காகித ஆலையும் ஒரு கேபிள் ஆலையும் ஒன்றாகி உருவானது அது. டயர் பிரிவு 1988இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது.

ஜெர்மனியின் கான்டினென்டல் 1952இல் 'எம்+எஸ்' டயர்களை அறிமுகப்படுத்தியது. சேற்றுக்கும் பனிக்கும் என்பது அந்த எழுத்துகளின் பொருள். அடுத்து வந்தது ஆணி பதித்த டயர். பனிக்கட்டியில் அதற்கு ஈடு இன்றுவரை இல்லை. ஆனால் வெற்றுச் சாலையை அது சுரண்டி எடுத்துவிடும். ஜெர்மனி 1975இல் அதைத் தடை செய்தது. ஜப்பானின் செண்டாய் போன்ற நகரங்களில் ஆணிகள் கிளப்பிய சாலைத் தூசு மக்களின் மூச்சுக்கே பகையானது. அங்கே 1990இல் சட்டம் வந்தது. அந்த நெருக்கடியில்தான் ஆணி இல்லாமலேயே பனிக்கட்டியில் நிற்கும் டயரைத் தேடும் வேலை தீவிரமானது. பிரிட்ஜ்ஸ்டோன் 1988இல் ஜப்பானில் வெளியிட்ட 'பிளிசாக்' அதில் பேர் வாங்கியது. அதன் ரப்பர் முழுக்க நுண்ணிய துளைகள். பனிக்கட்டியின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் வழுக்கலுக்குக் காரணம். அந்த நீரைத் துளைகள் வாங்கிக்கொள்ள, ரப்பர் நேரடியாகப் பனிக்கட்டியில் படிகிறது.

கேள்வி: வழக்கமான டயரே ஆழமான பள்ளங்களோடு இருக்கிறதே, குளிரில் அது ஏன் போதாது?

பதில்: பள்ளத்தைவிட ரப்பரின் குணமே முக்கியம். ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இழைந்து உட்கார்ந்தால்தான் பிடிப்பு. வெப்பம் குறையக் குறைய ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் அசைவை இழக்கின்றன. ஒரு கட்டத்துக்குக் கீழே ரப்பர் கிட்டத்தட்டக் கண்ணாடிபோல விறைத்துவிடும். எந்த வெப்பநிலையில் விறைக்கும் என்பது கலவையைப் பொறுத்தது. கோடையில் சூடான தார்ச்சாலையிலும் மழையிலும் இறுகப் பிடிப்பதற்காகச் செய்த கலவை சீக்கிரமே விறைக்கத் தொடங்குகிறது. பனிக்கால டயரில் இயற்கை ரப்பரும், தாழ்ந்த குளிரிலும் நெகிழ்ந்திருக்கும் பாலிபியூட்டடைனும், சிலிக்காவும் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதனால்தான் அது கடுங்குளிரிலும் மென்மையாக இருக்கிறது. அதே காரணத்தால் சித்திரை வெயிலைப் போன்ற சூட்டில் குழைந்து சீக்கிரம் தேய்ந்தும் போகிறது.

7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே டயரை மாற்ற வேண்டும் என்று டயர் கடைகளில் சொல்வது ஒரு நடைமுறைக் கணக்கு. 8 டிகிரியில் நன்றாக ஓடிய டயர் 6 டிகிரியில் திடீரென்று கைவிட்டுவிடாது. பிடிப்பு மெல்ல மெல்லவே குறையும். ஜெர்மானியர் அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை என்று வைத்துக்கொள்கிறார்கள். நாள்தோறும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பள்ளங்களுக்கும் வேலை உண்டு. பனிக்கால டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டியிலும் தாள் தடிமனில் நெளிநெளியான கீறல்கள் இருக்கும். டயர் உருளும்போது அவை விரிந்து நூற்றுக்கணக்கான விளிம்புகளாகப் பனியைக் கடிக்கின்றன. ஜான் சைப் என்ற அமெரிக்கர் 1920களில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இறைச்சிக் கூடத்தின் ஈரத் தரையில் வழுக்காமலிருக்கத் தன் காலணியின் ரப்பர் அடியைக் கத்தியால் கீறிப் பார்த்ததில் பிறந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. அகன்ற பள்ளங்களின் வேலை வேறு. அவை பனியைத் தமக்குள் அடைத்து வைத்துக்கொள்கின்றன. பனி ரப்பரோடு ஒட்டுவதைவிடப் பனியோடு நன்றாக ஒட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பனிக்கால டயரில் பனி அப்பியிருந்தால் அது குறையல்ல.

கேள்வி: இந்தச் சிக்கல் ஸ்போர்ட்ஸ் செடான் கார்களுக்கு மட்டும் ஏன் அதிகமாகப் பேசப்படுகிறது?

பதில்: அந்தக் கார்களின் டயர் வளர்ந்த விதம் அப்படி. பி.எம்.டபிள்யூ. 1968இல் வெளியிட்ட 2002 என்ற கார், இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. அதில் இருந்தது 13 அங்குல வீலும் 165 மி.மீ. அகல டயரும். பனியில் கிழித்துக்கொண்டு போக அந்த அளவு ஓரளவு தோதானதே. 1970களின் நடுவில் பிரெல்லியின் பி7 போன்ற தட்டையான, அகன்ற டயர்கள் வந்தன. பக்கச் சுவர் குட்டையானால் திருப்பத்தில் டயர் வளையாது, ஸ்டியரிங் கூர்மையாகும். அதன்பின் வீல் பெரிதாவதும் டயர் அகலமாவதும் நிற்கவே இல்லை. 2019இல் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸின் ஜி20 தலைமுறையில் 19 அங்குல வீலும் பின்புறம் 255 மி.மீ. டயரும் சாதாரணம். கோடைச் சாலைக்காக இப்படித் தேடித் தேடிச் சேர்த்த குணங்கள் ஒவ்வொன்றும் பனியில் எதிராகத் திரும்புகிறது. அகன்ற டயர் பனிக்குழம்பில் மிதக்கிறது. குட்டைச் சுவர் குளிரில் வெடித்த சாலைக் குழிகளைத் தாங்காமல் ரிம்மை வளைத்துவிடுகிறது. சென்னைக்கு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் 3 சீரிஸ் கார்கள் பூட்டப்படுகின்றன. அங்கே வாங்குபவருக்கு இந்தக் கவலையே இல்லை. டொரொன்டோவிலோ ஆஸ்லோவிலோ வாங்குபவருக்கு இது முதல் கவலை.

கேள்வி: அப்படியானால் குளிர்காலத்துக்கு எந்த அளவு வீல் வாங்குவது?

பதில்: பிரேக்குக்கு இடம் விட்டு உள்ளதிலேயே சிறியது. மற்றதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கிறது.

ஜி20இன் '330ஐ' என்ற காரையே எடுத்துக்கொண்டால், கோடையில் முன்னால் 225/40 ஆர்19, பின்னால் 255/35 ஆர்19 டயர்கள் இருக்கலாம். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது, வீலின் விட்டம் அங்குலத்தில். 225இல் 40 சதவீதம் 90 மி.மீ.; அதை இருமடங்காக்கி 19 அங்குலத்தோடு, அதாவது 482.6 மி.மீ.யோடு கூட்டினால் மொத்த விட்டம் 662.6 மி.மீ. இதே காருக்கான 225/45 ஆர்18இன் விட்டம் 659.7, 225/50 ஆர்17இன் விட்டம் 656.8. மூன்றுக்கும் வித்தியாசம் 6 மி.மீ.க்குள்தான். எனவே வேகமானி பிசகாது, ஏ.பி.எஸ். குழம்பாது. மாறுவது பக்கச் சுவர் மட்டும்: 90லிருந்து 112.5 மி.மீ. ஆகிறது. இந்தக் கூடுதல் 22.5 மி.மீ. ரப்பர்தான் பனி மறைத்த குழியில் ரிம்மைக் காப்பாற்றுவது. விலையும் குறையும்; 17 அங்குல டயர் 19 அங்குலத்தைவிட நன்றாகவே மலிவு.

நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவு வைப்பதில் இன்னொரு லாபம்: முன்பின் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய்க்கலாம். சங்கிலி சுற்ற வேண்டி வந்தால் இடமும் இருக்கும்; அகன்ற பின் டயரில் பெரும்பாலும் இருக்காது.

தடையாக நிற்பது பிரேக். இரும்பு வீல் விலை குறைவு, உப்பில் கெட்டாலும் மனம் நோகாது என்று பழைய கார்க்காரர்கள் அதையே விரும்பினார்கள். ஸ்போர்ட்ஸ் செடானின் பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் அதற்குள் நுழைவதில்லை. அலாய் வீலிலும் விட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஆரங்கள் உட்புறமாக எப்படி வளைந்திருக்கின்றன என்பதும் சேர்ந்துதான் காலிப்பருக்கு வழி விடுகிறது. ஒரே 17 அங்குலத்தில் ஒரு வீல் நுழையும், இன்னொன்று உரசும்.

பழைய வீல் வாங்குபவர்கள் ஏமாறுவது போல்ட் துளைகளில். முந்தைய எஃப்30 தலைமுறையில் ஐந்து துளைகளும் 120 மி.மீ. வட்டத்தில் இருந்தன; ஜி20இல் 112 மி.மீ. கண்ணால் பார்த்தால் பிடிபடாத வித்தியாசம். ஆடி கார்களும் 112 மி.மீ. வட்டமே என்பதால் அந்த வீல் ஜி20இல் போய் உட்காரும். ஆனால் ஆடியின் போல்ட் தலை பதியும் குழி உருண்டையானது, பி.எம்.டபிள்யூ. போல்ட்டின் அடி கூம்பு வடிவம். கூம்பு உருண்டைக் குழியில் முழுமையாகப் படியாது. முடுக்கியது போலவே இருக்கும், ஓட ஓடத் தளரும். ஆஃப்செட் என்னும் அளவையும் பார்க்க வேண்டும். வீலின் நடுக்கோட்டுக்கும் அது அச்சில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும், கூடினால் உள்ளே சஸ்பென்ஷனை நெருங்கும்.

கேள்வி: டயரின் பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் சேர்ந்த முத்திரை எதைச் சொல்கிறது?

பதில்: சோதனையில் தேறியதைச் சொல்கிறது. 'எம்+எஸ்' எழுத்துகளுக்குச் சோதனை எதுவும் தேவையில்லை. பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் அமெரிக்க, கனடிய ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் 1999இல் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரையை ஏற்படுத்தின. இறுகிய பனியில், ஒப்பீட்டுக்கான ஒரு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் பிடிப்பைக் காட்டினால்தான் அது கிடைக்கும். பனிக்கட்டியில் டயர் எப்படி நிற்கும் என்பதற்கு அந்த முத்திரை உத்தரவாதம் இல்லை.

இப்போது சட்டங்கள் இதையே கேட்கின்றன. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் பனிச் சாலையில் இந்த முத்திரை உள்ள டயருக்கே அனுமதி. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். அங்கே இந்தச் சட்டம் முதலில் 2008இல் வந்தது. தமிழர்கள் ஏராளமாக வாழும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் பனிக்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டில் தள்ளுபடி தர வேண்டும் என்பது 2016 முதல் விதி.

கேள்வி: பனிக்கால டயர்களுக்குள்ளேயே வகை உண்டா? வேக எழுத்து எதற்கு?

பதில்: பெரும்பிரிவு இரண்டு. மிஷ்லின் பைலட் அல்பின், கான்டினென்டல் விண்டர்கான்டாக்ட் போன்றவை மத்திய ஐரோப்பாவுக்கானவை: ஈரச் சாலை, குளிர்ந்த தார், எப்போதாவது பனி, ஆட்டோபானில் வேகம். மிஷ்லின் எக்ஸ்-ஐஸ், கான்டினென்டல் வைக்கிங்கான்டாக்ட், பிளிசாக்கின் டபிள்யூ.எஸ். வரிசை போன்றவை வடதுருவத்தை ஒட்டிய குளிருக்கானவை; ரப்பர் இன்னும் மென்மை, பனிக்கட்டியில் நிற்கும், வெற்றுச் சாலையில் ஸ்டியரிங் கொஞ்சம் மந்தமாகும். ஸ்போர்ட்ஸ் செடான் ஓட்டுபவர் முதல் வகையை நோக்கியே சாய்வார். பெருநகரின் உப்புத் தூவிய நெடுஞ்சாலையில் அது சரி. மாண்ட்ரியாலின் பனிக்கட்டி படிந்த குறுக்குத் தெருவில் இரண்டாவது வகையே புத்திசாலித்தனம்.

அளவுக்குப் பின்னால் வரும் எழுத்து அதிகபட்ச வேகம்: 'டி' 190, 'எச்' 210, 'வி' 240 கி.மீ. அதற்கு முன்னுள்ள எண் சுமை. 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 95 என்றால் 690. 250 கி.மீ. ஓடும் காருக்கு 'எச்' டயர் போட ஜெர்மனியில் தடையில்லை. அந்த வேக வரம்பை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வைத்தால் போதும். வேகத்தில் இப்படி விட்டுக்கொடுக்கலாம். சுமையில் கூடாது.

கேள்வி: நான்கு சக்கரமும் இழுக்கும் காருக்கும் இது தேவையா? இரண்டு டயர் மட்டும் மாற்றினால்?

பதில்: நான்கு சக்கர இழுவை காரைக் கிளப்பத்தான் உதவும். பிரேக் மிதிக்கும்போது எல்லாக் கார்களும் நான்கு சக்கரத்தில்தான் நிற்கின்றன. இரண்டு மட்டும் மாற்றுவது ஒன்றும் மாற்றாததைவிட ஆபத்து: முன்னால் நல்ல டயர் இருந்தால் திருப்பத்தில் பின்புறம் சுழன்றுவிடும், பின்னால் இருந்தால் கார் திரும்பவே மறுக்கும்.

கேள்வி: டயரை மட்டும் மாற்றாமல் வீலோடு ஏன் வாங்க வேண்டும்?

பதில்: ஆண்டுக்கு இருமுறை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டினால் டயரின் விளிம்பு நைந்துபோகும், கூலியும் சேர்ந்துகொண்டே போகும். சாலை உப்பு, பளபளப்பாக எந்திரத்தில் சீவிய அலாய் வீலின் அரக்குப் பூச்சுக்கு அடியில் புகுந்து அரிக்கும். நல்ல வீலைக் குளிர்காலத்தில் எடுத்து வைப்பதே மேல். காற்றழுத்த சென்சார் உள்ள கார்களில் இரண்டாவது செட்டுக்கும் சென்சார் வாங்க வேண்டும் என்பது பலர் கணக்கில் விட்டுவிடும் செலவு. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார் குறையும் என்பதால், முதல் குளிர் நாளில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிவது சகஜம்.

மாட்டியபின் ஜி20இல் போல்ட்டை 140 நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டும், 50 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி சரிபார்ப்பது வழக்கம். புதிய பனிக்கால டயரின் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். ஐரோப்பாவில் பொதுவான சட்ட வரம்பு 1.6 மி.மீ. என்றாலும், ஆஸ்திரியாவில் 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயரைப் பனிக்கால டயராகவே கணக்கில் எடுப்பதில்லை.