ஃபைபர் படகுக்கு ஃபிஷ் ஃபைண்டர் வாங்கலாமா? பங்குக் கணக்கோட பார்த்துடுவோம்



தெரேஸ்புரம், தருவைகுளம், வேம்பார், மணப்பாடுன்னு நம்ம கடற்கரையில ஃபைபர் படகு வச்சிருக்கிறவங்க மனசுல இருக்கிற கேள்வி இது. "பக்கத்துப் படகுல எக்கோ மாட்டிட்டாங்க. நானும் வாங்கணுமா?"

வாங்குங்க, வாங்காதீங்கன்னு ஒரே வரியில சொல்ல முடியாது. உங்க வலை எது, உங்க பங்கு எவ்வளவு, காசு எங்கிருந்து வருது, இந்த மூணையும் பார்த்தாதான் பதில் கிடைக்கும்.

கருவி என்ன செய்யும்?

படகின் அடியில் பொருத்தும் டிரான்ஸ்டியூசர் கடலுக்குள் ஒலியை அனுப்பும். அந்த ஒலி தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். திரும்பி வர 0.04 நொடி ஆனால், போக வர 60 மீட்டர். அதாவது ஆழம் 30 மீட்டர். நம்ம கணக்குல சொன்னா சுமார் 16 பாகம். ஈயக்குண்டு கட்டிய கயிறை இறக்கிப் பார்த்த அதே வேலைதான். ஜப்பானில் 1948-லேயே இது மீன்பிடிக்கு வந்துவிட்டது.

ஆனா மூணு விஷயத்தை இது சொல்லாது:

- படகுக்கு அடியில இருக்கிறதைத்தான் காட்டும். அரை மைல் தள்ளி நிக்கிற கூட்டம் சாதாரணக் கருவியில தெரியாது.
- என்ன மீன்னு உறுதியா சொல்லாது.
- கரையில என்ன விலை போகும்னு சொல்லவே சொல்லாது.

யாருக்குப் பயன்?

பார்களில் தூண்டில் போட்டு விளைமீன், களவா பிடிக்கிறவங்களுக்கு நல்ல பயன். பார் எங்கே தொடங்குது, எங்கே சரியுதுன்னு தெரிஞ்சா நங்கூரம் சரியான இடத்துல விழும். ஒரு எச்சரிக்கை: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கருவி காட்டுதுன்னு அந்த எல்லைக்குள்ள போயிடாதீங்க.

கரையோரம் நண்டு வலை விடுறவங்களுக்கு வலை போட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கிறதுதான் தேவை. அதுக்கு ஜிபிஎஸ் போதும். ஃபோன்ல இருக்கிற ஜிபிஎஸ் டவர் இல்லாத இடத்துலயும் வேலை செய்யும். மேப்பை மட்டும் முன்னாடியே இறக்கி வச்சுக்கணும். மேல்மட்டத்துல ஓடுற சாளைக்கு வலை விடுறவங்களுக்கு, பறவையும் தண்ணி நிறமும் சொல்றதை விட இந்தக் கருவி பெருசா சொல்லிடாது.

சரி, கணக்குக்கு வருவோம்

எல்லாம் உதாரணத் தொகைதான். உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க.

- கருவி 40,000 ரூபாய், பேட்டரி மற்றும் பொருத்தும் செலவு 8,000. மொத்தம் 48,000.
- உப்புக்காத்துல 4 வருஷம் உழைக்கும்னு வச்சா, வருஷத்துக்கு 12,000.
- ரிப்பேர் வருஷத்துக்கு 3,000.
- 12 சதவீத வட்டியில 4 வருஷத் தவணைன்னா, வட்டி சராசரியா வருஷத்துக்குச் சுமார் 3,000.

ஆக வருஷத்துக்கு 18,000. வருஷம் 200 நாள் கடலுக்குப் போனா, ஒரு நாளைக்கு 90 ரூபாய். "அவ்வளவுதானா!"ன்னு தோணும். இங்கதான் எல்லாரும் நின்னுடுறாங்க.

கருவிக்குக் காசு போடுறது படகுக்காரர் மட்டும். ஆனா கூடுதலா கிடைக்கிற மீன் பங்குக்குப் போகும். டீசல், ஐஸ் கழிச்சு மிச்சத்தைப் படகுக்குப் பாதி, ஆட்களுக்குப் பாதின்னு பிரிச்சா, உங்க கைக்கு 90 வரணும்னா படகுக்கு 180 ரூபாய் கூடுதலா வரணும். மிச்சமாகிற டீசலுக்கும் இதே கதைதான். பொதுச் செலவுல மிச்சமானா அதுலயும் பாதிதான் உங்களுக்கு. அப்போ வருஷத்துக்கு 18,000 இல்ல, 36,000 ரூபாய் கூடுதல் வந்தாதான் அசல் தேறும்.

இதுக்கு ஒரு வழி இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடியே ஆட்களோட உட்கார்ந்து பேசுங்க. ஐஸ் மாதிரி, கருவிக்கும் நாளுக்கு 90 ரூபாய் பொதுச் செலவுல கழிச்சா, படகுக்கு 90 கூடுதலா வந்தாலே யாருக்கும் நஷ்டம் இல்ல. வாங்கின பிறகு பேசினா அது சண்டையில முடியும்.

காசு எங்கிருந்து?

வியாபாரி முன்பணம் தர்றார், "வட்டியே வேண்டாம், கமிஷன்ல பார்த்துக்கலாம்"னு சொல்றார். நல்லாத்தான் தெரியும். வருஷத்துக்கு 6 லட்சம் விற்கிற படகுல கமிஷன் 3 சதவீதம் கூடினா வருஷத்துக்கு 18,000. நாலு வருஷத்துல 72,000. அசல் 48,000 அப்படியே நிக்கும். அதைவிட, மீனை அவர்கிட்டதான் போடணும்; விலை பேசுற உரிமையும் போச்சு.

மீனவர்களுக்கும் 2018-19 முதல் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. ஆனா அது டீசல், ஐஸ், கூலி மாதிரி ஓடுற செலவுக்கான கடன். அதைக் கருவியில முடக்கிட்டா அடுத்த மாசம் டீசலுக்கு மறுபடி வியாபாரிகிட்டதான் போய் நிக்கணும். மானியம் இருக்கான்னு மீன்வளத்துறை அலுவலகத்துல கேட்டுட்டு, பிறகு கடைக்குப் போங்க.

இன்னொண்ணு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போ நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். அந்த ரெண்டு மாச வருமானத்தை வச்சுத் தவணை முடிவு பண்ணாதீங்க. காத்து அடிச்சுப் படகு கரையில கிடக்கிற மாசத்துல கட்ட முடியுமான்னு பாருங்க.

உங்க நஷ்டம் எங்கே?

கேரளாவில் 1997 முதல் 2001 வரை கடற்கரைக்கு செல்ஃபோன் வந்தபோது நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் ஆராய்ந்தார். மத்தி பிடிப்பவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குபவருக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. காரணம், எந்தக் கரையில் விலை இருக்கிறது என்று கடலில் இருந்தபடியே கேட்க முடிந்தது. அவங்க பிரச்சினை மீன் தேடுறதுல இல்ல, விற்கிறதுல இருந்தது.

அதனால 30 நாளைக்கு ஒரு நோட்டு போடுங்க. நாலே கட்டம்: தேடின நேரம், அதுக்கு எரிஞ்ச டீசல், ஏலத்துல கிடைச்ச விலை, கெட்டுப்போய் விலை குறைஞ்ச மீன்.

- தேடுறதுல டீசல் போகுதா? கருவி உதவலாம்.
- மீன் கெட்டு விலை குறையுதா? நல்ல ஐஸ் பெட்டி வாங்குங்க.
- விலையிலயே அடி விழுதா? முதல்ல முன்பணக் கடனை அடைங்க.

இந்த 30 நாள்ல இலவசமா கிடைக்கிறதையும் சோதிச்சுடுங்க. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை அறிவிக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி தமிழிலேயே இருக்கு. இதுலயே தேடுற நேரம் குறைஞ்சா 48,000 மிச்சம். குறையலைன்னா, கருவி வச்சிருக்கிற படகுல நாலு நாள் போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. முத்துக்குளிப்பு காலத்துல பார்களைச் சோதிச்சு, மாதிரிச் சிப்பி எடுத்து, அதுல இருக்கிற முத்துக்கு விலை மதிப்பு போட்ட பிறகுதான் குளிப்பை அறிவிப்பாங்க. சிப்பி போதலைன்னா அந்த வருஷம் குளிப்பு கிடையாது. தூத்துக்குடியில கடைசிக் குளிப்பு 1961-ல முடிஞ்சது. மாதிரி பார்த்துட்டு முதலீடு பண்ற அந்தப் பழக்கத்தை மட்டும் நாம விட்டுட வேண்டாம்.

நோட்டு போட்டு முடிச்சவங்க உங்க நாலு எண்ணையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல அதை வச்சே சேர்ந்து கணக்கு போடுவோம்.