மரை தேய்ந்தால் பொருளைத் தூக்கிப் போடாதீர்கள்!

கேட் கீல், மேஜைக் கால், சைக்கிள் என எதிலாவது போல்ட் பிடிக்காமல் வெறுமனே சுற்றுகிறதா? துளைக்குள் மரை வெட்டுவது டேப்; கம்பியின் மேல் வெட்டுவது டை. பொறுமை இருந்தால் இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம்.

1. மரை துருப்பிடித்து மட்டும் இருந்தால், அதே அளவு டேப்பை ஒருமுறை ஓட்டினாலே சுத்தமாகிவிடும். தேய்ந்தே போயிருந்தால், சுற்றிலும் போதிய உலோகம் இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த அளவுக்குப் புது மரை வெட்டுங்கள்.

2. துளை அளவில்தான் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. போல்ட்டின் விட்டத்தில் மரைகளுக்கு இடையிலான தூரத்தை, அதாவது பிட்ச்சை, கழியுங்கள். சாதாரண எம்6 மரைக்கு 5 மி.மீ., எம்8க்கு 6.8, எம்10க்கு 8.5 மி.மீ. டிரில் பிட் சரியாக இருக்கும். துளை சிறுத்தால் டேப் முறியும். பெருத்தால் போல்ட் நிற்காது.

3. டேப் செட்டில் மூன்று இருக்கும். முனை நீளமாகச் சரிந்ததில் தொடங்குங்கள். சரிவு குறைந்த மூன்றாவது டேப், அடி மூடிய துளையில் கடைசிவரை மரை வெட்டும்.

4. இரண்டு சுற்று இறங்கியதும் மூலைமட்டம் வைத்து, டேப் நேராக நிற்கிறதா என்று இரு பக்கமும் பாருங்கள்.

5. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே திருப்புங்கள். சீவல் உடைந்து வழிவிடும். இறுகினால் பலம் காட்டாதீர்கள். டேப் வளையாது, முறிந்துவிடும். முறிந்த துண்டைச் சாதாரண டிரில் பிட்டால் தொடக்கூட முடியாது.

6. ஸ்டீலுக்குக் கட்டிங் ஆயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுங்கள். வார்ப்பிரும்புக்கு எதுவும் வேண்டாம்.

7. டை போடுமுன் கம்பி முனையை அரத்தால் சுற்றிலும் சரிவாக ராவுங்கள். டையின் வாய் அகன்ற பக்கம் கம்பியைப் பார்த்திருக்கட்டும். பிளவுள்ள டை என்றால் முதலில் சற்று விரித்து வெட்டி, நட்டைப் போட்டுப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி வெட்டுங்கள்.

8. சைக்கிளின் இடது பெடலுக்கு இடது மரை. வழக்கமான டேப்பை அதில் விட்டால் இருக்கும் மரையும் கெடும்.

9. சீவலை விரலால் துடைக்கவோ வாயால் ஊதவோ வேண்டாம்; பிரஷ் போதும். கண்ணாடி அணியுங்கள்.

10. வேலை முடிந்ததும் டேப்பையும் டையையும் துடைத்து, எண்ணெய் தடவி, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே வையுங்கள். வெட்டும் முனை மழுங்காமல் இருந்தால்தான் அடுத்த மரையும் சுத்தமாக விழும்.