அந்த 0.036

பீளமேடு, கோவை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கண்ணுக்கு,

அப்புச்சி எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில் நீ பேசியதைவிடப் பேசாமல் இருந்ததுதான் அதிகம். "ஒண்ணுமில்ல அப்புச்சி, எஞ்சின் ஓடுது" என்றாய். எஞ்சின் ஓடுகிற வீட்டில் குரல் அப்படி இறங்காது. பிறகு உங்கம்மா போனை வாங்கி, மூன்று நாளாக நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, நோட்டில் ஒரே பக்கத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறாய் என்றாள். அதோடு என் தூக்கம் போயிற்று. போனில் நான் நீட்டினால் நீ 'ம்' கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன். கையெழுத்து நடுங்கியிருந்தால் வயசுதான், கோபமில்லை.

நீ அனுப்பிய ஸ்டெர்லிங் எஞ்சின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயின்ட் டப்பா, உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளில் செய்த டிஸ்பிளேசர், பலூன் ரப்பரில் பிஸ்டன், சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்த கிராங்க், மூன்று பழைய சிடியை ஒட்டிய ஃப்ளைவீல். கிராங்கின் இரண்டு வளைவுக்கும் நடுவே 90 டிகிரி அச்சாக விழுந்திருக்கிறது. ஐடிஐ முடித்து வந்த பையன்களே அதற்குத் திணறி நான் பார்த்திருக்கிறேன். உங்கப்பா வீட்டுப் பக்கம் யாருக்கும் இந்தக் கை கிடையாது. இந்த வரியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டாதே.

உன் கணக்கை நானும் காலண்டர் தாளின் முதுகில் போட்டுப் பார்த்துவிட்டேன். 50 கிராம் எடையை ஒரு மீட்டர் தூக்க 10 விநாடி. வேலை 0.49 ஜூல், திறன் 0.049 வாட். விளக்கில் 10 நிமிடத்துக்கு 3 கிராம் ஸ்பிரிட் குறைந்திருக்கிறது. கிராமுக்கு 27 கிலோஜூல் என்று வைத்தால் 135 வாட் உள்ளே போகிறது. வகுத்தால் 0.036 சதவீதம். பத்தாயிரம் ரூபாய் முதல் போட்டு நாலு ரூபாய்கூடத் திரும்பாத வியாபாரம். உனக்கு அழுகை வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் கணக்கு சரி கண்ணு. எங்கேயும் தப்பில்லை.

30 சதவீதம் என்று நீ எங்கேயோ படித்ததும் பொய்யில்லை. 2008-ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் நியூ மெக்சிகோவில் பெரிய கண்ணாடித் தட்டால் வெயிலைக் குவித்து ஒரு ஸ்டெர்லிங் எஞ்சினை ஓட்டிக் கரண்ட் எடுத்தது. விழுந்த வெயிலில் 31.25 சதவீதம் கரண்டாக வந்தது. அந்த எஞ்சினின் வயிற்றில் இருந்தது அழுத்தி அடைத்த ஹைட்ரஜன். உன் டப்பாவில் இருப்பது வீட்டுக் காற்று, அதுவும் பலூன் ஓரத்தில் கசிகிறது. இரண்டையும் பக்கத்தில் நிறுத்துவது ஜல்லிக்கட்டுக் காளையையும் கன்றுக்குட்டியையும் ஒரே ஏரில் பூட்டுகிற மாதிரி. எந்த வெப்ப எஞ்சினுக்கும் ஒரு மேல்வரம்பு உண்டு, அதைச் சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் மட்டுமே தீர்மானிக்கும் என்று 1824-லேயே சாதி கார்னோ எழுதிவிட்டார். உன் டப்பாவின் அடி 250 டிகிரி, மேல்மூடி 50 டிகிரி என்றால் கெல்வினில் 523, 323. வரம்பு 38 சதவீதம். செல்சியஸிலேயே கழித்து வகுத்து 80 சதவீதம் என்று சொன்ன உன் கூட்டாளியிடம், மூடியில் பனிக்கட்டியை வைத்து அதைப் பூஜ்யம் டிகிரியாக்கினால் நூற்றுக்கு நூறு வருமா என்று கேள்.

அது கிடக்கட்டும். "யாரு அளந்து பாக்கப் போறாங்க, 12-னு போட்டுடு" என்று உன்னிடம் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உங்கம்மாவுக்கு வருத்தமாகும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நான் இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன், கிட்டத்தட்ட அதே சொற்களில்.

இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ராபர்ட் ஸ்டெர்லிங் ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியார். 1816-ல் காப்புரிமை கேட்டார். 1818-ல் அவருடைய எஞ்சின் ஒரு கல்குவாரியில் தண்ணீர் இறைத்தது. ஆக, நீயும் நானும் ஒரே தொழில்தான். 1979-ல் நான் பம்பு டெஸ்ட் பெட்டில் இருந்தேன். எந்தக் கம்பெனி என்று உனக்குத் தெரியும், எழுத வேண்டாம். மோட்டார் எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று வாட்மீட்டரில் பார்க்க வேண்டும், தொட்டியில் விழும் தண்ணீரை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பிடிக்க வேண்டும், டெலிவரி பைப்பில் கேஜ் பார்க்க வேண்டும். மூன்றையும் சேர்த்தால் எஃபிஷியன்சி. ஒரு லாட் வந்தது, 41-க்கு மேல் ஏறவே இல்லை. கேட்டிருந்தது 50. எஞ்சினியர் வந்தார். "யாரு அளந்து பாக்கப் போறாங்க" என்றார். பென்சிலை எடுத்து முதலில் கடைசிக் கட்டத்தில் 50 என்று எழுதினார். அதற்கு எத்தனை லிட்டர் விழ வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு லிட்டர் கட்டத்தை அப்புறம் நிரப்பினார். 'டெஸ்டட் பை' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு 28 வயசு. உங்கம்மா பிறந்து மூன்று மாதம்.

அந்த லாட்டில் ஒன்று பல்லடத்தில் நம் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போனது. கிணற்றுக் கதையெல்லாம் உனக்குத் தெரியும். கையெழுத்து யாருடையது என்பது அம்மாயிக்கு மட்டும்தான் தெரியும், இப்போது உனக்கும். தண்ணீர் சரியாக ஏறவில்லை என்றதும் அவர் பம்பைச் சந்தேகப்படவே இல்லை கண்ணு. பம்பில்தான் தகடு அடித்திருக்கிறதே! மச்சான் வேலை பார்க்கிற கம்பெனி வேறு. கிணற்றைத்தான் சந்தேகப்பட்டார். கடன் வாங்கி இன்னும் பத்தடி இறக்கினார். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம். கடைசிவரை, "உங்க பம்பு நல்ல பம்புங்க மச்சான், என் கிணறுதான் சரியில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு விசேஷத்தில் அம்மாயி இன்றைக்கும் பந்தியில் உட்காராமல் மொய் எழுதிவிட்டு வந்துவிடுகிறாள். அந்த எஞ்சினியர் பிறகு மேனேஜரானார். அதை விடு.

நீ 12 என்று எழுதினால் யார் தோட்டமும் காயாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதி 135 வாட் எங்கே போயிற்று என்று தேடுகிற வேலை அன்றோடு முடிந்துவிடும். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

முடிவு உன்னுடையது. உங்கப்பா ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிற கண்ணாடி எஞ்சினைக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் வைக்கலாம். பளபளவென்று இருக்கும், தட்டினால் ஓடும், எல்லோரும் கை தட்டுவார்கள், திருவிழாவில் பொம்மைக்கும் அப்படித்தான் தட்டுகிறார்கள். அல்லது உன் டப்பாவை வைக்கலாம். இரண்டும் எனக்குச் சம்மதம். டப்பாவை எப்படி அளப்பது என்று மட்டும் கீழே சொல்கிறேன். மற்றதற்கு நான் சொல்ல என்ன இருக்கிறது, எல்லாம் அதன் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்குமே.

முதலில் தராசு. அம்மா சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. நீ பார்த்த 3 கிராம், நிஜத்தில் இரண்டே காலாகவும் இருக்கலாம், மூன்றே முக்காலாகவும் இருக்கலாம். தெருக்கோடி நகைப் பட்டறைக்கு விளக்கை எடுத்துக்கொண்டு போ. அவர்கள் தராசு பத்து மில்லிகிராம்வரை சொல்லும். "பள்ளிக்கூட வேலைங்க" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். திரியை மூடி போட்டு அணைத்து, மூடியோடு சேர்த்து நிறுத்து. திறந்திருந்தால் ஸ்பிரிட் எரியாமலே பறந்துவிடும்.

அடுத்தது ஃப்ளைவீல். அது உண்டியல் மாதிரி. சும்மா வேகமாக ஓடவிட்டு நூலை மாட்டினாய் என்றால், முதலில் எடையைத் தூக்குவதில் ஒரு பங்கு எஞ்சினுடையது இல்லை, சேமித்து வைத்திருந்த சுழற்சியுடையது. அப்படியானால் உன் 0.036-கூடக் கொஞ்சம் கூடுதல்தான்! (இதைப் படித்து இன்னொரு பக்கத்தைக் கிழிக்காதே.) மாடிப்படிச் சந்தில் நூலைத் தொங்கவிட்டு மூன்று மீட்டர் தூக்கு. முதல் மீட்டரை எழுதாதே. வேகம் ஒரே மாதிரி வந்த பிறகு கடைசி இரண்டு மீட்டருக்கு மட்டும் நேரம் பிடி. ஓட்டம் நிலைக்கும் முன்னால் டெஸ்ட் பெட்டில் நாங்கள் பேனாவைத் தொட மாட்டோம். பிறகு எடையை 10, 20, 30 என்று கூட்டிக்கொண்டே போ. திறன் ஏறும், ஏறும், ஓரிடத்தில் மடங்கி இறங்கும், அப்புறம் எஞ்சின் நின்றுவிடும். அந்த மடக்கு எந்த எடையில் வருகிறது என்பதுதான் உன் எஞ்சினின் ஜாதகம். கண்ணாடி எஞ்சின்காரர்கள் ஒருத்தரும் அதை வரைந்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த 135. எஞ்சினைத் தள்ளி வைத்துவிட்டு, அதே மாதிரி காலி டப்பாவில் 100 மில்லி தண்ணீர் ஊற்றி, அதே உயரத்தில் அதே விளக்கை ஐந்து நிமிடம் வை. 30 டிகிரியிலிருந்து 80-க்குப் போனால், 100 × 4.18 × 50, ஏறக்குறைய 20,900 ஜூல். 300 விநாடிக்கு வகுத்தால் 70 வாட். அதாவது பாதி நெருப்பு டப்பாவைத் தொடாமலே ஓரமாக மேலே போய்விடுகிறது. அதற்கு எஞ்சின் பொறுப்பாகுமா? பிறகு எஞ்சின் ஓடும்போது மேல்மூடிக்கு விளிம்பு கட்டி 200 மில்லி தண்ணீர் நிறுத்து. ஐந்து நிமிடத்தில் 9 டிகிரி ஏறினால் அங்கே வந்து சேர்ந்தது 25 வாட். அந்த 25-லேயே பெரும்பகுதி காற்றோடு வந்ததில்லை, டப்பாச் சுவரின் தகரம் வழியாக நடந்தே வந்தது. டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நடந்து ஊர் போய்ச் சேர்ந்த கூட்டம். நான் சொன்ன எண்களெல்லாம் உத்தேசம், உனக்கு என்ன வருகிறதோ அதை எழுது. கிராங்க் உராய்வுக்குப் பென்சில் கரித்தூள் போடு, எண்ணெய் வேண்டாம், பலூன் ரப்பரைத் தின்றுவிடும்.

இன்னொன்று, இதில் மட்டும் நான் பெரியவன், நீ சின்னவள். ஸ்பிரிட் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து விளக்கில் ஊற்றாதே. ஆறிய பிறகு ஊற்று, பாட்டிலை அடுத்த அறையில் வை, தாவணி, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது, பின்னலைத் தூக்கிக் கட்டு. அம்மா பக்கத்தில் இல்லாமல் பற்றவைக்கவே கூடாது. உன் மாமன் கை ஞாபகம் இருக்கட்டும்.

ரொம்ப நீட்டிவிட்டேனோ? பதினாறு வயசுப் பிள்ளைக்கு டெஸ்ட் பெட் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் தூரப் போடு சாமி. நீ ஒரு எஞ்சினைச் செய்து ஓடவும் வைத்துவிட்டாய், இந்த வம்சத்தில் அதுவே போதும். பரிசு வராவிட்டால் என்ன, ரெக்கார்டில் மார்க் போனால் என்ன. நீ எதை எழுதினாலும் நீ என் தங்கம், என் குலசாமி. 12 என்றே எழுதினாலும் சரி. (எழுத மாட்டாய்.) ஒழுங்காகச் சாப்பிடு, ராத்திரி பத்து மணிக்கு மேல் கண் விழிக்காதே. கண்காட்சிக்கு நானும் அம்மாயியும் முதல் நாளே ரயிலில் வந்துவிடுகிறோம். உன் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை, வாயைத் திறக்க மாட்டேன்.

பார்சலில் அம்மாயி சுட்ட ஒப்புட்டு இருக்கிறது, 500 ரூபாய் இருக்கிறது, அதற்கடியில் துணியில் சுற்றி என் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, டெஸ்ட் பெட்டில் வைத்திருந்தது. சாவி கொடுக்கும்போது கடைசி அரைச் சுற்றை விட்டுவிடு, ஸ்பிரிங்குக்கும் வயசாகிவிட்டது.

உன் அப்புச்சி