இழந்த எடையும் மீளும் எடையும்

புத்தாண்டு பிறக்கும்போது உடல் எடையைக் குறைக்கப் பலரும் உறுதி பூணுகின்றனர். குறைந்த எடை சில திங்களில் மீண்டுவிடின், மனவுறுதி இல்லையெனத் தம்மையே பழித்துக்கொள்கின்றனர். இப்பழி முறையன்று.

1994-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஹார்மோன், கொழுப்புத் திசுவில் சுரந்து, சேமிப்பின் அளவை மூளைக்கு உணர்த்துவது. கொழுப்புக் குறைந்தால் லெப்டினும் குறையும், பசி மிகும், உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்கும். 10 வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தோரிடம் இம்மிகுபசி ஓராண்டு கழிந்த பின்னும் நீடித்ததை, 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டிற்று. பஞ்சம் வந்ததெனக் கொண்டு உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் செயலே இது.

எனவே, "இவ்வாண்டு உணவைக் குறைக்கலாமா?" என்பதினும், "மேற்கொள்ளும் முறையை வாழ்நாளெல்லாம் கடைப்பிடிக்க இயலுமா?" என்பதே கேட்கத்தக்க வினா. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளவு காட்டினார்கள். வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில், முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணச் சொன்னார். இவை ஒரு பருவத்துக்குரிய கட்டளைகள் அல்ல. நாள்தோறும் நிற்கும் நெறிகள். நீரிழிவு முதலிய நோயுடையோர் மருத்துவரைக் கலந்தே எதனையும் தொடங்குக. இயலாத பெருநோன்பினும் இயன்ற சிற்றளவே நிலைக்கும்.