வண்டி மேல் காதல், வயிற்றுக்கு ஒரு வேலை!



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வேலை செய்யும் விதம்" என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்குப் படித்ததை மலரிலும் படிக்க வைத்தால் நீங்கள் என்னைச் சும்மா விட மாட்டீர்கள். ஆகவே புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டேன். மோட்டார் சைக்கிள் என்றால் சோறு தண்ணீர் மறக்கிறார்களே சிலர், அவர்களெல்லாம் பகலில் என்ன வேலை பார்க்கிறார்கள்?

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஞாயிறுதோறும் முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் கையாளாக இருக்கிறேன். இரண்டு வருஷமாக வகுப்பில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஷெட்டுக்கு வருகிறவர்கள்

ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். வண்டி ஓடினால் போதும் என்பவர்கள் ஒரு வகை. சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இன்னொரு வகை, பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு நட்டும் கழலுவதைப் பார்ப்பவர்கள். இந்த இரண்டாம் வகைதான் நம் கட்டுரைக்கு வேண்டியவர்கள்.

ஒருவர் மின்துறையில் லைன்மேன். அப்பா காலத்து புல்லட் வைத்திருக்கிறார். இன்னொருவர் கோவில் குருக்கள். காலை பூஜை முடிந்து, விபூதி அழியாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எஸ்டியில் வருவார். இரண்டு சைலன்ஸர் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். "குருக்கள் வராரு, டூ ஸ்ட்ரோக் ஆயில் எடுத்து வைடா" என்பார் மாஸ்டர். நைட் டூட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேராக ஷெட்டுக்கு வரும் நர்ஸ் அக்கா ஒருவர் உண்டு. வீராம்பட்டினத்து மீனவ அண்ணன் ஒருவர், படகு எஞ்சினைத் தானே பிரித்து மாட்டுகிறவர், கார்புரேட்டர் ட்யூனிங்கைக் காதாலேயே சொல்லிவிடுவார்.

பிறகு நம் ஊருக்கே உரிய ஒருவர், சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனில் இருப்பவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வோம். அவர் வைத்திருப்பது பழைய ஜாவா. மைசூரில் 1961 முதல் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த வண்டி. அதில் கிக்கர் தனி, கியர் லீவர் தனி கிடையாது. உதைத்து ஸ்டார்ட் செய்த அதே லீவரை மடக்கினால் கியர் லீவர் ஆகிவிடும். "ஒரே கம்பி, ரெண்டு வேலை. மனுஷனும் அப்படி இருக்கணும்டா தம்பி" என்பார்.

ஒரு நாள் லைன்மேன் அண்ணன் கேட்டார்: "புல்லட் 350ன்னு சொல்றாங்களே, நெசமாவே 350 தானா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. நான் சாக்பீஸ் எடுத்துச் சுவரில் போட்டுக் காட்டினேன். பழைய புல்லட்டின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. பையைப் போர் வர்க்கத்தால் பெருக்கி, நான்கால் வகுத்து, ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் 346 சி.சி. வருகிறது. "நாலு சி.சி. ஏமாத்திட்டானே!" என்று அண்ணன் சிரித்தார். மாஸ்டர் அந்தக் கணக்கை இன்றுவரை அழிக்கவில்லை.

அதே புல்லட்டை உதைக்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அந்த அண்ணன்தான். கண்டபடி உதைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலை உடைத்துவிடும். இக்னிஷனைப் போட்டு, மெதுவாக மிதித்துக்கொண்டே ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்ட விட்டு, லீவரை விட்டுவிட்டு, ஒரே உதை. டாப் டெட் சென்டர் என்று நாம் போர்டில் கோடு போட்டுப் படித்தது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

ஓட்டல் சர்வர் வாங்கிய ரட்ஜ்

இப்போது நம் தமிழ்நாட்டுக் கதை ஒன்று. கோயம்புத்தூர்ப் பக்கம் கலங்கல் என்ற கிராமத்தில் 1893-ல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்த பையன். பள்ளிக்கூடம் ஆரம்ப வகுப்புகளோடு சரி. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்துவிட்டான். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கையில் காசு இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தான். இலை போட்டு, தண்ணீர் வைத்து, சில நூறு ரூபாய் சேர்த்து, அந்த அதிகாரியிடமே போய் அந்த வண்டியையே விலைக்கு வாங்கினான். ரட்ஜ் என்ற இங்கிலாந்து வண்டி.

வாங்கியதும் ஊர் சுற்றினான் என்று நினைக்கிறீர்களா? முழுவதும் பிரித்துப் போட்டான். பிறகு பூட்டினான். அதுதான் அவனுடைய முதல் செமஸ்டர். அந்தப் பையன்தான் ஜி.டி. நாயுடு.

1920-ல் ஒரு பஸ்ஸைக் கடனுக்கு வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்துக் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின் மோட்டார் தயாரித்தார். நமக்கு முக்கியமானது இனிமேல்தான். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் அமையக் காரணமாக இருந்தவர் அவர். ஏட்டுப் படிப்புக்கு இத்தனை வருஷம் தேவையா, செய்முறை அதிகமாக இருந்தால் சீக்கிரமே கற்றுக்கொள்ளலாமே என்று அரசாங்கத்தோடு வாதாடி, ஒத்துவராமல் விலகியும் வந்தார். கோவையில் இன்றைக்கும் "ஹோப் காலேஜ்" என்று பஸ் ஸ்டாப் இருக்கிறது. அதில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு, இதற்கெல்லாம் ஆரம்பம் ஓட்டலில் சேர்த்த காசில் வாங்கிய ஒரு மோட்டார் சைக்கிள் என்று தெரியும்?

கடல் கடந்து மூன்று பேர்

முதலாமவர் "அரேபியாவின் லாரன்ஸ்" என்று உலகம் கொண்டாடிய டி.ஈ. லாரன்ஸ். முதல் உலகப் போரில் கர்னல் பதவி வரை போனவர், அதன் பிறகு பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் அடிமட்டச் சிப்பாயாகச் சேர்ந்தார். அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த கராச்சியிலும் வேலை பார்த்தார். பிற்பாடு கடலில் விழுந்த விமானிகளை மீட்கும் வேகப் படகுகளின் எஞ்சின் வேலை. சம்பளம் சிப்பாய்ச் சம்பளம், வைத்திருந்ததோ அந்தக் காலத்தின் மிக விலை உயர்ந்த பிரஃப் சுப்பீரியர் வண்டிகள்! 1935 மே மாதம், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க ஒடித்தபோது விழுந்து, தலையில் அடிபட்டு, ஆறாம் நாள் இறந்தார். ஹெல்மெட் போடவில்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். காப்பாற்ற முடியாமல் போனது அவர் மனதை உறுத்தியது. ராணுவத்தில் பைக்கில் தபால் கொண்டு போகும் சிப்பாய்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கும் என்று 1941-ல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ம் பிரிவு அதையே சொல்கிறது. ஈ.சி.ஆரில் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு பறக்கும் நண்பர்களே, ஹெல்மெட்டைத் தலையில் போடுங்கள்.

இரண்டாமவர் நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ. மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் பகலில் வேலை, இரவெல்லாம் தன் வண்டியோடு மல்லுக்கட்டு. 1920-ல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட். வாங்கும்போது மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொடுவதே பெரிய பாடு. பாகம் வாங்கக் காசில்லாததால் தகர டப்பாவை அச்சாக வைத்துப் பிஸ்டன் வார்த்தார். மைக்ரோமீட்டருக்குப் பதில் ஒரு பழைய சக்கரக் கம்பி! 1967-ல், தன் 68-வது வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புத் தரையில் அதே வண்டியை மணிக்குச் சுமார் 295 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தார். ஃபவுண்டரி பிராக்டிகல் போர் அடிக்கிறது என்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

மூன்றாமவர் ஒரு பெண். எல்ஸ்பெத் பியர்ட், லண்டனில் கட்டடக் கலை படித்த மாணவி. மதுக்கடையில் வேலை செய்து காசு சேர்த்து, பழைய பி.எம்.டபிள்யூ. வண்டி ஒன்றில் 1982-ல் உலகம் சுற்றக் கிளம்பினார். நடுவில் சிட்னியில் பணம் தீர்ந்தது. அங்கே ஒரு கட்டட வரைகலை அலுவலகத்தில் சில மாதம் வேலை பார்த்துவிட்டு, இந்தியா வழியாக 1984-ல் ஊர் திரும்பினார். பிறகு கட்டடக் கலைஞராகவே வாழ்ந்து வருகிறார். சிவில் சகோதரிகள் கவனிக்க!

நம்ம ஊர் நடிகர்

அஜித் குமாரைப் பற்றி எழுதாவிட்டால் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வேலை பழகியவர். அப்புறம் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. 1993-ல் "அமராவதி" படம். நடித்துக்கொண்டே பைக் ரேஸ், பின்பு கார் ரேஸ். 2010-ல் ஃபார்முலா டூ பந்தயத்தில் ஓட்டினார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. மேலே சொன்ன லைன்மேனுக்கு மின்கம்பம் எப்படியோ, அப்படித்தான் இவருக்கு சினிமா. அது வேலை, இது ஆசை.

ஆராய்ந்ததில் தெரிந்தது

இத்தனை பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் மூன்று விஷயம் தெரிகிறது.

1. வண்டிப் பைத்தியத்துக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை. சர்வர், சிப்பாய், மாணவி, குருக்கள், நர்ஸ் யாருக்கும் வரலாம். ஷெட்டில் ஸ்டூல் ஒன்றுதான். முதலில் வந்தவர் உட்கார்வார்.

2. வேலைதான் வண்டிக்குச் சோறு போடுகிறது.  நாயுடுகூட முதலில் இலை போட்டார், பிறகுதான் ஆக்ஸிலேட்டர் பிடித்தார். அப்பாவின் சம்பளத்தில் தவணை கட்ட வைத்து விலை உயர்ந்த பைக் வாங்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

3. சும்மா ஓட்டுகிறவனுக்கு வண்டி ஒரு சாமான்தான். பிரித்துப் பார்க்கிறவனுக்கு அது பள்ளிக்கூடம். நாயுடுவுக்கும் மன்ரோவுக்கும் பாடம் நடத்தியது அவர்களுடைய வண்டிதான்.

கடைசியில் சொல்கிறேன் என்றது

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் வகுப்பு நண்பன் ஒருவன் செயின் அறுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். அவனைப் பார்த்ததும் பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். "டேய் தம்பி, செயின் லாக் எடுத்துக் குடுடா" என்று மாஸ்டர் கூப்பிடுகிறார். நான் மூச்சு விடவில்லை. அவரே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். நண்பன் போன பிறகு, "வேலை தெரியலன்னா வெக்கப்படு. வேலை செய்யறதுக்கு எதுக்குடா வெக்கம்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சம்பளத்தை வாங்கவே கை கூசியது.

வீட்டில் வேறு கதை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான். அப்பா கொத்தனார். "என் கை சிமெண்ட்ல போச்சு. உன் கை கிரீஸ்ல போவ வேணாம். உன்னைப் படிக்க வைக்கிறது அதுக்கா?" என்பார். அவர் சொல்வதில் தப்பு இல்லை. எனக்குத்தான் பதில் தெரியாமல் இருந்தது.

நாயுடு கதையைப் படித்த இரவு அப்பாவிடம் சொன்னேன். ஓட்டல், ரட்ஜ், பஸ், காலேஜ் எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "அந்தக் கணக்கு செவுத்துல எழுதினேன்னியே, அது இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சாக்பீஸ் கோட்டை விரலால் தடவாமல், ஒரு சாண் தள்ளியே கையை வைத்துக்கொண்டு பார்த்தார். போகும்போது மாஸ்டரிடம், "பரீட்சை சமயத்துல மட்டும் லீவு குடுத்துடுங்க" என்றார்.

நண்பர்களே, இந்தக் கட்டுரை அச்சாகிவிட்டால் இனி டயருக்குப் பின்னால் ஒளிய முடியாது. அதற்காகவே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டி நின்றுவிட்டால் முத்தியால்பேட்டைக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். செயின் லாக் நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

வாழ்க மாணவர் ஒற்றுமை! வளர்க தொழிற்கல்வி!